2038க்கு இன்னும் காலம் இருக்கிறதாம்!

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு உங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில், '2038 கணனிச் சிக்கலுக்கு இன்னும் காலம் இருக்கிறது, பொதுமக்கள் தலையைப் போட்டு உடைக்கத் தேவையில்லை' என்றிருந்தது. யாருக்குக் காலம் இருக்கிறது? வங்கி எனக்குத் தந்த வீட்டுக் கடன் அட்டவணையில் 2038 தையோடு காலம் முடிந்துவிட்டது. அதற்கடுத்த தவணைகள் 1902இல் தொடங்குகின்றன. கவுண்டரில் இருந்த தம்பியிடம் காட்டினேன். "சிஸ்டம் அப்பிடித்தான் அடிக்கும் ஐயா, நீங்கள் காசைக் கட்டுங்கோ" என்றார். 1902இலிருந்து கட்டாத தவணைகளுக்குத் தண்டப்பணம் கேட்காமல் விட்டார்களே, அந்தப் பெருந்தன்மைக்கு நன்றி.

தாங்கள் அறியாததல்ல. பழைய நிரல்கள் 1970 ஜனவரி 1 முதல் விநாடிகளை எண்ணி 32 பிட்டுக்குள், அதாவது 0, 1 என்ற 32 இலக்கங்களுக்குள், அடைக்கின்றன. 2,147,483,647 ஆனதும் இடம் தீர்ந்து, எண்ணிக்கை கழித்தல் பக்கம் புரண்டு, 1901 டிசம்பருக்குப் பாய்ந்துவிடும். எங்கள் இலங்கை நேரப்படி அது 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை காலை 8.44. புதிய கணனிகள் 64 பிட்டுக்கு மாறிவிட்டன என்று உங்கள் கட்டுரையாளர் ஆறுதல் சொல்கிறார். சரி, பழைய கோப்புகளும் மாறிவிட்டனவா?

தூரத்துத் திகதிக்கு விநாடி எண்ணுவதே பிழை, அதுவும் இந்த நாட்டில். 1996இல் மட்டும் இரண்டு தடவை நேரத்தை மாற்றினார்கள். 2006 ஏப்ரலில் பழையபடி ஆக்கினார்கள். இடையில் முகமாலைச் சோதனைச் சாவடி தாண்டி, புலிகள் பழைய நேரத்தையே வைத்திருந்த வன்னிக்குள் போனால் மணிக்கூட்டை அரை மணித்தியாலம் பின்னுக்குத் திருப்பினோம், மறந்துவிட்டதா? 2007இல் காலை 9 மணிக்கு என்று 2005இலேயே வைத்த சந்திப்பைக் கிரீன்விச் கணக்கில் விநாடியாக்கி வைத்திருந்தால், அந்த நாள் வரும்போது கணனி 8.30 என்று காட்டியிருக்கும். ஆண்டு, மாதம், நாள், உள்ளூர் மணி, எந்த ஊர் என்று உறுதியில் நொத்தாரிசு எழுதுவதுபோல அப்படியே வைத்தால் என்ன குறைந்துவிடும்?

அடையாள அட்டையிலும் இதே கஞ்சத்தனம்தான். பிறந்த ஆண்டுக்கு இரண்டு இலக்கம் என்று 2016 வரை ஓட்டினார்கள். 1924இல் பிறந்த என் அம்மா ஓர் அலுவலகத்துக் கணனியில் 2024இல் பிறக்கப்போகிறவராக இருந்தார். பிறக்காதவருக்கு முதியோர் கொடுப்பனவு எப்படித் தருவது என்று அவர்களும் பாவம் யோசித்திருப்பார்கள்.

உங்களிடம் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. எனது சந்தா இரசீதில் முடிவுத் திகதி 03/04/27 என்று இருக்கிறது. பங்குனி நாலா, சித்திரை மூன்றா? அடுத்த இரசீதில் மாதத்தை எழுத்திலும் ஆண்டை நாலு இலக்கத்திலும் அடித்துத் தாருங்கள்.

நீண்டகால வாசகன்,
கொக்குவில்