இனியனின் ஆபரேஷனுக்கு முன்பு

அன்புள்ள செந்திலுக்கு,

வருகிற வியாழக்கிழமை என் பேரன் இனியனுக்கு டான்சிலையும் அடினாய்டையும் எடுக்கப் போகிறார்கள் என்று சொன்னவுடன், "அவனிடம் சொல்லத்தான் வேண்டுமா அம்மா?" என்று நீ கேட்டாய். தொலைபேசியில் பதில் சொன்னால் பாதி காற்றோடு போய்விடும். மீனாவும் படிக்க வேண்டும் என்பதால் எழுதுகிறேன். குழந்தைகள் வார்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் என்ற உரிமையும் எனக்கு உண்டல்லவா?

சொல்லத்தான் வேண்டும். இரண்டு வயதுப் பிள்ளையானால் முந்தின நாள் சொன்னால் போதும். ஐந்து வயதுக்காரனுக்கு நினைத்துப் பார்க்கவும் திரும்பத் திரும்பக் கேட்கவும் மூன்று நான்கு நாள் தேவைப்படும். ஆகவே ஞாயிற்றுக்கிழமை பகலில், அவன் விளையாடி முடித்து வந்த பிறகு சொல். தொண்டையிலும் மூக்குக்குப் பின்னாலும் சதை வளர்ந்து மூச்சுப் போகும் வழியை அடைப்பதால்தான் அவன் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறான், குறட்டை விடுகிறான் என்பதையும், டாக்டர் அதை வாய் வழியாகவே எடுத்துவிடுவார், கழுத்தில் எங்கும் வெட்ட மாட்டார் என்பதையும் அவனுக்குப் புரியும்படி சொல். தொண்டை ஆபரேஷன் என்றால் கழுத்தை அறுப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு, அதை யாரிடமும் கேட்காமல் மனதுக்குள்ளேயே வைத்துப் புழுங்கிய பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். இன்னொன்று, "ஐஸ்கிரீம் தின்றதால்தான் இப்படி ஆயிற்று" என்று வீட்டில் யாரும் சொல்ல வேண்டாம். இந்த வயதில் நோய் என்பது தான் செய்த குற்றத்துக்குக் கிடைத்த தண்டனை என்று பிள்ளைகள் எளிதில் நம்பிவிடுவார்கள்; அதோடு, ஆபரேஷன் முடிந்ததும் அதே ஐஸ்கிரீமை நாமே ஊட்டப் போகிறோம். சேட்டை செய்தால் டாக்டரிடம் சொல்லி ஊசி போடச் சொல்வேன் என்று மிரட்டும் பழக்கத்தையும் உன் அத்தை இந்த வாரமாவது விட்டுவிட வேண்டும்.

ஊசியைப் பற்றிப் பொய் சொல்லாதே. "ஊசியே கிடையாது" என்று கேட்டு வந்த பிள்ளை டிரேயைக் கண்டதும், அதன் பிறகு ஸ்டெதஸ்கோப்பைக் கூட மார்பில் வைக்க விடமாட்டான். எறும்பு கடித்த மாதிரி இருக்கும் என்று எங்கள் செவிலியர்கள் சொல்வது வழக்கம். அதுவும் பாதிப் பொய்தான். "குத்தும்போது வலிக்கும், பிறகு குறைந்துவிடும்" என்று சொல். குத்திய பிறகு ஊசியை வெளியே எடுத்துவிடுவார்கள், கையில் மெல்லிய பிளாஸ்டிக் குழாய் மட்டும்தான் இருக்கும் என்பதை மறக்காமல் சொல். அது தெரியாத பிள்ளைகள், ஊசி உள்ளேயே இருப்பதாக நினைத்து நாள் முழுவதும் கையை மரக்கட்டை போல நீட்டி வைத்திருப்பார்கள். இனியன் இடது கையால் வரைகிறவன். வென்ஃப்ளான் என்கிற அந்தக் குழாயை வலது கையில் போடும்படி கேட்டுக்கொள்.

வலியைக் குறைக்க வழியும் இருக்கிறது. லிக்னோகெய்னும் பிரிலோகெய்னும் கலந்த களிம்பைப் புறங்கையில் தடவி, மேலே ஒளி ஊடுருவும் பிளாஸ்டரை ஒட்டி, ஏறக்குறைய ஒரு மணி நேரம் விட்டால் தோல் மரத்துப்போகும். ஒரு கையில் ரத்தக்குழாய் கிடைக்காமல் போகலாம் என்பதால் இரண்டு கையிலும் தடவி வைப்பது நல்லது. பல இடங்களில் நாமாகக் கேட்டால்தான் தருவார்கள். ஆகவே மயக்க மருந்து டாக்டரைப் பார்க்கும்போதே அவனுக்கு அது ஏற்றதா என்று கேட்டுவிடு.

நான்கு பேர் சேர்ந்து படுக்க வைத்து அமுக்கிப் பிடிப்பதற்கு மட்டும் சம்மதிக்காதே. மல்லாந்து கிடக்கும் பிள்ளைக்குத் தலைக்கு மேலே தெரிகிற முகங்களே பாதிப் பயத்தைக் கொடுத்துவிடும். உன் மடியில், நெஞ்சோடு நெஞ்சு சேர்த்து உட்கார வைத்து, வலது கையை மட்டும் உன் அக்குளுக்கு அடியில் பின்பக்கம் நீட்டச் சொன்னால், செவிலியர் அங்கேயே ரத்தக்குழாயைத் தேடிக்கொள்வார். உன் அணைப்பே அவனை அசையாமல் வைத்திருக்கும். தடுப்பூசி போடும்போது குழந்தைகளை மடியில் நிமிர்த்தி உட்கார வைத்துப் பிடிக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமே 2015-ல் பரிந்துரைத்திருக்கிறது. யாராவது முகம் சுளித்தால் பணிவாக இதைச் சொல். ஊசி போடும்போது அவன் சோப்புக் குமிழியை நீளமாக ஊதிக்கொண்டிருக்கட்டும். நீ "ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை" என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்காதே. அப்பா இத்தனை முறை சொல்கிறார் என்றால் ஏதோ பெரிதாக நடக்கப் போகிறது என்றுதான் பிள்ளைக்குத் தோன்றும். அப்படித் தேற்றத் தேற்ற அழுகை கூடுவதை ஆய்வாளர்களும் கவனித்து எழுதியிருக்கிறார்கள். குமிழி எவ்வளவு பெரிதாக வந்தது என்று பேசு. "ஊசி போடலாமா கண்ணா?" என்றும் கேட்காதே, அவன் வேண்டாம் என்றால் என்ன செய்வாய்? யார் மடியில் உட்காருவது, ஊசியைப் பார்ப்பதா முகத்தைத் திருப்பிக்கொள்வதா என்பவற்றை அவனே முடிவு செய்யட்டும். கையை அசைக்காமல் வைத்திருப்பது அவன் வேலை, அழுவதற்குத் தடை இல்லை என்று சொல்லிவிடு. ஆம்பளப் பிள்ளை அழலாமா என்று உன் மாமனார் ஆரம்பித்தால், அவரைக் காப்பி குடிக்க அனுப்பிவிடு.

சின்னப் பிள்ளைதானே, மறந்துவிடுவான் என்று சொல்கிறவர்களும் வருவார்கள். பச்சிளங்குழந்தைகளுக்கு வலி சரியாகத் தெரியாது என்று மருத்துவ உலகமே நம்பிய காலம் ஒன்று இருந்தது. தசைகளைச் செயலிழக்கச் செய்யும் மருந்தோடு மிகக் குறைந்த மயக்கம் மட்டும் கொடுத்து இதய ஆபரேஷன் செய்தார்கள். இந்தியாவில் மருத்துவம் படித்து ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போன கன்வல்ஜீத் ஆனந்த், ஃபென்டனில் என்ற வலி மருந்து கொடுக்கப்பட்ட குழந்தைகளையும் கொடுக்கப்படாத குழந்தைகளையும் ஒப்பிட்டு, கொடுக்கப்படாதவர்களின் உடல் எவ்வளவு கடுமையாகத் தத்தளித்தது என்பதை 1987-ல் வெளியிட்ட பிறகே அந்த வழக்கம் மாறத் தொடங்கியது. நான் வேலை பார்த்த காலத்திலேயே நடந்த மாற்றம் இது என்பதால், 'சின்னப் பிள்ளைதானே' என்ற பேச்சு எனக்குக் காதில் விழக்கூடாது.

ஆபரேஷன் அன்று பசிதான் அவனை முதலில் அழ வைக்கும். பொதுவாகத் திட உணவையும் பாலையும் ஆறு மணி நேரத்துக்கு முன்பே நிறுத்திவிடுவார்கள். வெறும் தண்ணீரை அதற்குப் பிறகும் சில மணி நேரம் அனுமதிப்பார்கள். எதுவரை என்பதை டாக்டரிடம் கேட்டு அதன்படி நட. காலையில் முதல் ஆளாக எடுத்துக்கொள்ள முடியுமா என்றும் கேள். அவன் மயங்கும் வரை ஒருவரை உள்ளே அனுமதித்தால் மீனா போகட்டும். நீ ரத்தத்தைக் கண்டாலே கண் சொருகுகிறவன். கலங்கி நிற்கும் பெற்றோர் கூட இருப்பதால் பிள்ளையின் பயம் குறைவதில்லை. மாஸ்க் வைத்ததும் அவன் கண்கள் மேலே சுழலலாம், கை கால் உதறலாம், அது இயல்புதான் என்று அவளிடம் முன்கூட்டியே சொல். பெங்களூரில் அங்குள்ளவர்கள் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ பேசினால் அவனுக்குப் பாதிதான் புரியும். வாசனை ஒரு மாதிரி இருக்கும், டாக்டர் பக்கத்திலேயே இருப்பார், முடிந்ததும் அவரே எழுப்புவார் என்பதை வீட்டிலேயே தமிழில் கேட்டுவிட்டுப் போகட்டும்.

கண் விழித்ததும் உங்களையே அடையாளம் தெரியாதவன் போலக் கத்தலாம், வென்ஃப்ளானைப் பிடுங்கப் பார்க்கலாம். மயக்க மருந்து தெளியும்போது இந்த வயதுப் பிள்ளைகளுக்கு இப்படி வருவதுண்டு, சிறிது நேரத்தில் அடங்கிவிடும். கண்டிக்காமல், விழுந்துவிடாதபடி பிடித்துக்கொண்டால் போதும். வீட்டுக்கு வந்த பிறகு வலி மருந்தை அவன் அழும் வரை காத்திருந்து கொடுக்காமல், எழுதிக் கொடுத்த நேரத்துக்குக் கொடு. முதல் நாளிலும், பொருக்கு உதிரும் ஐந்து முதல் பத்தாம் நாள் வரையிலும் ரத்தம் கசிய வாய்ப்புண்டு. அடிக்கடி எதையோ விழுங்கிக்கொண்டே இருந்தாலோ, எச்சிலில் புது ரத்தம் தெரிந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ.

பார்க்க வருகிறவர்களிடம், அவன் காது கேட்க, "எப்படிக் கத்தினான் தெரியுமா" என்று கதை சொல்லாதீர்கள். கையை அசைக்காமல் வைத்திருந்ததையும் குமிழி ஊதியதையும் அவனையே சொல்லச் சொல்லுங்கள். அடுத்த முறை ஊசி என்றதும் அவன் நினைவுக்கு வருவது இப்போது நாம் பேசுவதுதான்.

நான் புதன்கிழமை காலை வந்து சேர்வேன். அதற்குள் களிம்பைப் பற்றியும், உள்ளே ஒருவரை விடுவார்களா என்பதைப் பற்றியும் டாக்டரிடம் கேட்டுச் சொல். சோப்புக் குமிழி பாட்டிலை நான் வாங்கி வருகிறேன்.

அன்புடன்,
அம்மா