பாலே ஆடியவர் வளர்த்த அணி

ஆசிரியர் அவர்களுக்கு,

ஜிம்னாஸ்டிக்ஸ் என்றாலே ஒலிம்பிக் பேச்சுதான். அமெரிக்கக் கல்லூரி அணிகளைப் பற்றியும் எழுதுங்களேன். லாஸ் ஏஞ்சலிஸின் யூசிஎல்ஏ பல்கலைக்கழகப் பெண்கள் அணிக்கு 2019 வரை தலைமைப் பயிற்சியாளராக இருந்த வேலரி கோண்டோஸ் ஃபீல்ட், ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனையே அல்ல, பாலே ஆடியவர்! அவர் காலத்தில் 7 தேசியப் பட்டங்கள்.

2018 தேசிய இறுதிப் போட்டியில் யூசிஎல்ஏவுக்காகக் கடைசியாக பீமில் (சமநிலைப் பலகையில்) ஏறியவர் கனடாவின் பெங் பெங் லீ. முழங்கால் காயத்தால் லண்டன் ஒலிம்பிக்கைத் தவறவிட்டவர். 10 சென்டிமீட்டர் அகலப் பலகை. முழு 10 புள்ளி வாங்கினார். ஓக்லஹோமா பல்கலைக்கழக அணியை யூசிஎல்ஏ முந்தியது வெறும் 0.0375 புள்ளியில். அடுத்த ஆண்டு யூசிஎல்ஏ வீராங்கனை கேட்லின் ஒஹாஷியின் ஜிம்னாஸ்டிக்ஸ் வீடியோ உலகமெங்கும் பரவியது. சரி, அது எல்லோரும் பார்த்ததுதான். எனக்கென்னவோ லீயின் அந்தப் பத்துதான் பெரிது.

– ஒரு வாசகி