வாய் வறட்சியும் கண் உறுத்தலும்

திருவாரூர்
ஞாயிறு காலை

அன்புள்ள ராஜம்,

உன் கடிதம் வியாழனன்று வந்தது. பேத்தி நடக்கத் தொடங்கிவிட்டாள் என்ற பகுதியை இவருக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினேன். ஆனால் கடைசிப் பக்கத்தில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறாயே, வாய் எந்நேரமும் வறண்டு கிடக்கிறது, வயதானால் அப்படித்தானே என்று. அந்த வரியிலேயே என் மனம் நின்றுவிட்டது. வயதானால் அப்படித்தான் என்று நானும் எட்டு மாதம் நம்பிக்கொண்டிருந்தேன்.

எனக்குப் போன ஆடியில் தொடங்கியது. கோயிலில் வெள்ளிக்கிழமை கூடிப் பாடுவோம் அல்லவா, இரண்டாவது பாட்டு முடிவதற்குள் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பொரி தின்றால் மாவு போலத் தொண்டையில் நிற்கும். இரவில் தலைமாட்டில் சொம்பு வைத்துக்கொண்டு படுப்பேன். குடிக்க எழுவேன், குடித்ததை வெளியேற்ற மறுபடி எழுவேன். சர்க்கரையாக இருக்குமோ என்று இரத்தம் கொடுத்துப் பார்த்தேன், இல்லை. பிறகு பற்கள். ஈறு இறங்கி வேர் தெரிகிற இடங்களில், ஒரே நேரத்தில் நான்கு பற்களில் சொத்தை.

பல் மருத்துவர்தான் முதன்முதலாக அந்தக் கேள்வியைக் கேட்டார்: "தினமும் என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?" மறுநாள் மாத்திரைப் பையோடு போய் மேசையில் கொட்டினேன். கால் எரிச்சலுக்கு இரவில் அமிட்ரிப்டிலின். தும்மலுக்கு என்றோ எழுதித் தந்து, நிறுத்தாமலே போட்டுக்கொண்டிருந்த செட்டிரிசின். அடிக்கடி சிறுநீர் வருகிறது என்று சொன்னதற்கு டோல்டெரோடின். மூன்றுமே எச்சிலைக் குறைக்கக்கூடியவை என்றார். மூன்றையும் எழுதியவர்கள் வெவ்வேறு மருத்துவர்கள். ஒருவர் கொடுத்தது மற்றவருக்குத் தெரியாது, நானும் சொல்லவில்லை. வாய் வறண்டதால் தண்ணீர் குடித்தேன், குடித்ததால் சிறுநீர் வந்தது, அதற்கு வாங்கிய மாத்திரை வாயை இன்னும் வறட்டியது. இதை எண்ணினால் இன்றைக்கும் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

நானாக எதையும் நிறுத்தவில்லை, நீயும் நிறுத்திவிடாதே. நரம்பு மருத்துவர் அமிட்ரிப்டிலினைச் சில வாரங்களில் சிறிது சிறிதாகக் குறைத்தார். மற்ற இரண்டும் தேவையில்லை என்று ஆயிற்று. முழுவதும் சரியாகிவிடவில்லை, ஆனால் மூன்று பாட்டு பாடுகிறேன்.

எச்சில் என்றால் ஏதோ அருவருப்பான பொருள் என்று வளர்ந்தவர்கள் நாம். ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை ஊறுகிறதாம். வாயில் சேரும் அமிலத்தை அதுதான் தணிக்கிறது. அது வற்றினால் பல் கரையத் தொடங்கும். அதனால் நீ வாயில் அடக்கிக்கொள்கிறேன் என்று எழுதிய நெல்லிமுள்ளி, எலுமிச்சை மிட்டாய் இரண்டையும் விட்டுவிடு. புளிப்பு எச்சிலைச் சுரக்க வைப்பது உண்மை, ஆனால் உலர்ந்த வாயில் அந்தப் புளிப்பைக் கழுவ ஆளில்லை. கற்கண்டும் வேண்டாம். சைலிட்டால் சேர்த்த, சர்க்கரை இல்லாத சூயிங்கம் மருந்துக்கடையில் கிடைக்கிறது. நம் வயதில் மெல்லக் கூச்சமாக இருந்தாலும் வீட்டுக்குள் மெல்லலாம். தண்ணீரைச் சொம்பு சொம்பாகக் குடிக்காமல் ஒவ்வொரு மிடறாகக் குடி. சாதத்தைக் குழைத்து, ரசம் தாராளமாக ஊற்றிக்கொள். ஃபுளோரைடு பற்பசை கட்டாயம். சாராயம் கலந்த வாய் கொப்பளிப்பான் கூடாது. மாலைக் காபியை விட்டேன். காலைக் காபியை விட மனம் வரவில்லை.

இனி நான் சொல்ல வந்தது. உன் கடிதத்தின் முதல் பக்கத்தில், கண்ணில் மணல் விழுந்தது போல உறுத்துகிறது, சொட்டு மருந்து போட்டும் கேட்கவில்லை என்று இருக்கிறது. நடுவில் ஓரிடத்தில், காலையில் விரல்கள் மடங்க நேரமாவதால் கோலத்தை மருமகளிடம் விட்டுவிட்டேன் என்று இருக்கிறது. நீ மூன்றையும் மூன்று மூலையில் வைத்திருக்கிறாய். நான் சேர்த்துப் படித்தேன்.

ஷோக்ரன் நோய் என்று ஒன்று உண்டு. உடலின் எதிர்ப்புச் சக்தியே கண்ணீர்ச் சுரப்பியையும் எச்சில் சுரப்பியையும் தாக்குவது. ஸ்வீடனில் ஷோக்ரன் என்ற கண் மருத்துவர் 1933-இல் தம் ஆய்வேட்டில் 19 பெண்களைப் பற்றி எழுதினார். அவர்களில் பலருக்கு மூட்டுவலியும் இருந்தது. அது வருபவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள், அதுவும் நடுவயதுக்கு மேல். உனக்கு அதுதான் என்று நான் சொல்லவில்லை. நீ சாப்பிடும் இரத்த அழுத்த மாத்திரையாகவும் இருக்கலாம், வாயைத் திறந்து தூங்குவதாகவும் இருக்கலாம். ஆனால் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கீழிமைக்குள் சிறு காகிதத்தைச் செருகி, ஐந்து நிமிடத்தில் எவ்வளவு நனைகிறது என்று பார்ப்பார்கள். இரத்தப் பரிசோதனையும் இருக்கிறது. மூட்டுவாத மருத்துவரிடம் போ. கண், வாய், விரல் மூன்றையும் ஒரே மூச்சில் சொல். கண்ணைக் கண் மருத்துவரிடமும் பல்லைப் பல் மருத்துவரிடமும் பிரித்துச் சொல்லிவிட்டு வந்துவிடாதே.

மாத்திரை அட்டைகளில் இருக்கும் பெயர்களைப் பேரனை விட்டு எழுதி அனுப்பு. கன்னத்தில், காதுக்குக் கீழே வீக்கம் ஏதாவது இருக்கிறதா? அழும்போது கண்ணீர் வருகிறதா? இதற்கு மட்டும் கடிதம் எழுதிக் காத்திருக்காதே, படித்தவுடன் தொலைபேசியில் கூப்பிடு.

அன்புடன்,
உன் மீனா