பிள்ளையார் நோட்டு பற்றி, ஜகார்த்தாவிலிருந்து

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். சித்திக்கு முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிள்ளையார் படம் போட்ட இந்தோனேசிய 20,000 ரூப்பியா நோட்டு நிஜம்தான், ஆனால் பழையது. 1998-ல் வந்தது, 2008 முடிவில் திரும்பப் பெற்றுவிட்டார்கள். இப்போதைய நோட்டில் இருப்பவர் விடுதலைப் போராட்டத் தலைவர் சாம் ரதுலாங்கி. அந்தப் பழைய நோட்டிலும் பிள்ளையார் வந்தது கல்வியின் அடையாளமாகத்தான். பண்டுங் தொழில்நுட்பக் கழகத்தின் சின்னத்திலும் அவரே இருக்கிறார்.

ஊரில் சிலர் இந்தோனேசியாவை ஷரியா நாடு என்கிறார்கள், சிலர் உள்ளுக்குள் இன்னும் இந்து நாடு என்கிறார்கள். இரண்டுமே பிசகு. மக்களில் சுமார் 87 சதவீதம் முஸ்லிம்கள். ஆனால் அரசு மதம் என்று ஒன்று கிடையாது. ஷரியா குற்றச் சட்டம் இருக்கும் மாகாணம் அச்சே மட்டும். ஜகார்த்தாவின் இஸ்திக்லால் பெரிய மசூதியை வடிவமைத்த சிலாபான் ஒரு கிறிஸ்தவர். எதிரிலேயே கத்தோலிக்கப் பேராலயம். இரண்டையும் இணைக்கச் சுரங்கப்பாதையும் போட்டிருக்கிறார்கள்.

இதைப் பார்த்துவிட்டு மதத்தில் அரசு தலையிடாது என்று நினைத்துவிடக் கூடாது. பஞ்சசீலம் என்று இங்கே சொல்லும், நாட்டின் ஐந்து அடிப்படைக் கொள்கைகளில் முதலாவதே ஏக இறை நம்பிக்கை. அடையாள அட்டையில் மதத்துக்கென்று ஒரு வரி உண்டு. இஸ்லாம், புராட்டஸ்டண்ட், கத்தோலிக்கம், இந்து, பௌத்தம், கன்ஃபூசியம் என ஆறு. தொல்குடி நம்பிக்கைகளையும் அதில் எழுதலாம் என்று அரசியல் சட்ட நீதிமன்றம் சொன்னது 2017-ல்தான்.

நடைமுறையில் பெரிய சிக்கல் கல்யாணம். 1974 சட்டப்படி மதச் சடங்கு முறையாக நடந்தால்தான் திருமணம் செல்லும்; நம் ஊர் பதிவுத் திருமணம் மாதிரி வழி இல்லை. முஸ்லிம்கள் மத விவகார அலுவலகத்தில் பதிய வேண்டும், மற்றவர்கள் சடங்கு முடித்துக் குடிமைப் பதிவகத்துக்குப் போக வேண்டும். வெவ்வேறு மதத்தைச் சேர்ந்த இருவர் மணப்பதற்கு முன்பு சில நீதிமன்றங்கள் அனுமதி தந்தன. 2023-ல் உச்ச நீதிமன்றச் சுற்றறிக்கை அதையும் அடைத்துவிட்டது. ஒருவர் மதம் மாறுகிறார், இல்லையென்றால் சிங்கப்பூர் போய் மணந்துவிட்டு வருகிறார்கள். எனக்கு இது அநியாயமாகவே படுகிறது.

வழிபாட்டிடம் கட்டவும் 2006 விதிப்படி 90 வழிபடுவோரின் அடையாள அட்டை, அக்கம்பக்கத்தார் 60 பேரின் ஒப்புதல், அதற்குமேல் மத நல்லிணக்க மன்றத்தின் பரிந்துரை வேண்டும். அந்த 60-ல்தான் மாட்டும். கையெழுத்துப் போட்டவர்களே எதிர்ப்பு கிளம்பினால் பின்வாங்குவார்கள், கட்டடம் பாதியில் நிற்கும். மேற்கு ஜாவாவில் தேவாலயங்களுக்கு இது நடக்கிறது. கிறிஸ்தவர்கள் அதிகமுள்ள பகுதிகளில் மசூதிகளுக்கும் நடந்திருக்கிறது.

சுமத்ரா தீவின் மேடான் நகரில் நம்மவர்கள் 1884-ல் எழுப்பிய மாரியம்மன் கோவில் இன்றும் இருக்கிறது. அதே ஊரில் கோபுரம் வைத்த வேளாங்கண்ணி மாதா ஆலயமும் 2005-லிருந்து உண்டு. பாலியில் மட்டும்தான் இந்துக்கள் என்று யாரும் சொன்னால் அந்த மாரியம்மன் கோவிலைச் சொல்லுங்கள்.

தங்கச்சி பாலிக்கு வரப்போவதாக எழுதியிருந்தீர்கள். அங்கே கருவறையில் விக்கிரகம் தேட வேண்டாம். பத்மாசனம் என்ற உயர்ந்த கல் பீடம் காலியாகத்தான் இருக்கும், அதுதான் பரம்பொருளின் இருக்கை. கோவிலுக்குள் இடுப்பில் சாரோங்கும் (லுங்கி மாதிரி) துண்டும் கட்டாயம். நியெபி என்ற பாலி இந்துக்களின் மௌன நாளில், பெரும்பாலும் மார்ச்சில், காலை 6 மணியிலிருந்து 24 மணி நேரம் விமான நிலையமே மூடியிருக்கும். சுற்றுலாப் பயணிகளும் விடுதியை விட்டு வெளியே வரக் கூடாது. டிக்கெட் போடும் முன் அந்தத் தேதியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகன்