பைபாட் வாங்கிய சேகருக்கு

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. சின்னவளுக்கு பிரிஸ்பேனிலேயே வேலை அமைந்ததில் எனக்கும் நிம்மதி. இங்கே ஒட்டாவாவில் பனி உருகி, நான் துப்பாக்கி சுடப் போகும் கன்னாட் ரேஞ்சில் புல் தெரிய ஆரம்பித்துவிட்டது. வீட்டில் எல்லாரும் நலம்.

சரி, உன் பைபாட் விஷயத்துக்கு, அதாவது ரைஃபிளின் முன்பகுதியைத் தாங்கும் அந்த இரட்டைக்கால் விஷயத்துக்கு வருகிறேன். "கால் வைத்துச் சுட்டும் குண்டுகள் சிதறுகின்றன, இதற்கு மணல்மூட்டையே தேவலை" என்று எழுதியிருக்கிறாய். அவசரப்பட்டு அதைக் கழற்றிவிடாதே. துப்பாக்கியை ஆடாமல் தாங்குவதோடு பைபாட்டின் வேலை முடிவதில்லை. வெடிமருந்து தீப்பிடித்து, தோட்டா குழலை விட்டு வெளியேற ஒன்றிரண்டு மில்லிவிநாடி ஆகும். அதற்குள் ரைஃபிள் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் பின்னால் நகர்ந்துவிடுகிறது. தோட்டா 10 கிராம், ரைஃபிள் 8 கிலோ என்று கணக்குப் போட்டால் உனக்கே வரும். அந்த நகர்வு ஒவ்வொரு முறையும் ஒரே திசையில், ஒரே தடையோடு நடக்க வேண்டும். அதற்குத்தான் இவ்வளவு பாடு.

முதலில் நீ படுத்துச் சுடும் நிலையை மாற்று. என்.சி.சி.யில் நமக்குச் சொல்லிக்கொடுத்தது, உடம்பைச் சாய்வாகப் போட்டு, கால்களை அகட்டி, இடது கையால் தாங்கிச் சுடுவது. அந்த முறைக்கு அது சரி. பைபாட்டில் அப்படிப் படுத்தால் உதைப்பு தோளில் ஒருக்களித்துப் படும், துப்பாக்கி முனை பக்கவாட்டில் எகிறும். முதுகெலும்பு குழலுக்கு நேர்க்கோட்டில் இருக்கட்டும். சுட்டவுடன் கண்ணை எடுக்காமல் ஸ்கோப்பிலேயே (குறிபார்க்கும் தொலைநோக்கியிலேயே) பார். இலக்கு இருந்த இடத்துக்கே திரும்பி வந்தால் நல்லது. ஒரு பக்கமாகத் தள்ளி நின்றால் இடுப்பை நகர்த்து. கையால் இழுத்துச் சரிசெய்யாதே, அடுத்த குண்டில் அது வெளிப்பட்டுவிடும்.

அடுத்தது அழுத்தம். உன்னுடையது ரப்பர் பாதமும் மடக்குக் கால்களும் உள்ள ஹாரிஸ் வகை என்பதால், கால்களில் இருக்கும் லூஸ் போகும் அளவுக்குத் தோளால் மெதுவாக முன்னால் சாய். தசையை முறுக்காதே, உடல் எடையே போதும். எவ்வளவு அழுத்தம் என்பதைவிட, ஒவ்வொரு குண்டுக்கும் அதே அழுத்தமா என்பதுதான் முக்கியம். எஃப்-கிளாஸ் என்ற நெடுந்தூரச் சுடும் போட்டியின் எஃப்-டி.ஆர். பிரிவில் அகலமான பனிச்சறுக்குக் கட்டை போன்ற பாதங்கள் வைத்த பைபாட்களைப் பார்த்திருப்பாய். அவர்களில் பலர் இதற்கு நேரெதிராக, துப்பாக்கியை லேசாகத் தொட்டுக்கொண்டு, அதைத் தானாகப் பின்னால் சறுக்க விடுகிறார்கள். இரண்டு முறையும் பலன் தரும். இரண்டையும் கலந்தால்தான் சிக்கல்.

நீ சிமென்ட் தளத்தில் சுடுகிறாய் என்பதைப் படித்ததுமே பாதிக் காரணம் புரிந்துவிட்டது. கடினமான தரையில் ரப்பர் பாதம் துள்ளும். அடியில் பழைய கார்ப்பெட் துண்டு ஒன்றைப் போட்டுப் பார். புல்தரையில் வேறு தொல்லை, சுடச்சுடக் கால்கள் கொஞ்சம் கொஞ்சமாகப் புதையும். இன்னொன்று, உன் துப்பாக்கிக் கட்டையின் முன்பகுதி பிளாஸ்டிக் என்றால், நீ அழுத்தும்போது அது வளைந்து குழலைத் தொடுகிறதா என்று பார். அழுத்திய நிலையில் இடையில் ஒரு காகிதத் துண்டு தடையில்லாமல் ஓடவேண்டும்.

துப்பாக்கி பக்கவாட்டில் சாய்வதைப் பலரும் கவனிப்பதில்லை, எனக்கு அதில் தீராத ஆதங்கம் உண்டு. .308 ரகத் தோட்டா போடும் ரைஃபிள் 1000 கஜத்தில் ஒரே ஒரு பாகை வலப்பக்கம் சாய்ந்திருந்தால், குண்டு ஆறு அங்குலத்துக்கும் மேல் வலப்பக்கம் விலகும். எஃப்-கிளாஸில் ஐந்து மதிப்பெண் வட்டத்தின் ஆரமே சுமார் 5 அங்குலம்தான்! அதனால் ஸ்கோப்பில் ஒரு குமிழி மட்டம் மாட்டு. பைபாட்டின் சுழலும் தலையை, கையால் அழுத்தினால் மட்டும் அசையும் அளவுக்கு இறுக்கு. இடது கை, தோளில் பதியும் பின்பகுதியான பட்டுக்கு அடியில் சின்ன மணல் பையைப் பிடித்திருக்கட்டும். பிசைந்தால் பட் உயரும், முனை தாழும். நுணுக்கமான ஏற்ற இறக்கத்துக்கு அது போதும்.

நாம் இருவரும் நன்றி சொல்ல வேண்டியவர் கனடாவின் ஜார்ஜ் ஃபார்குவர்சன். எஃப்-கிளாஸின் 'எஃப்' அவர் பெயர்தான். இரும்புக் குறியும் தோள்வாரும் கண்ணுக்கும் கைக்கும் ஒத்துவராத மூத்தவர்கள் ஆட்டத்தை விட்டுப் போகாதிருக்க, ஸ்கோப்பும் தாங்கியும் அனுமதிக்கும் பிரிவைக் கொண்டுவந்தவர். முதல் உலகப் போட்டி 2002-இல் இதே கன்னாட்டில்தான் நடந்தது. எஃப்-டி.ஆரில் .223 அல்லது .308 ரகத் தோட்டா மட்டும்தான், ரைஃபிள், பைபாட்டும் ஸ்கோப்பும் சேர்த்து 8.25 கிலோவுக்குள் இருக்கவேண்டும். கனமான பைபாட் வாங்குமுன் இதை நினைவில் வை.

பைபாட் பழகிவிட்டால் மனசு காற்றைக் கவனிக்கப் போகும். மணிக்கு 10 மைல் குறுக்குக் காற்று 1000 கஜத்தில் உன் குண்டை இரண்டு மீட்டருக்கும் மேல் தள்ளிவிடும். எந்த பைபாட்டும் அதைச் சொல்லாது, ரேஞ்சில் காற்றுக்கு ஆடும் கொடிகளைத்தான் பார்க்கவேண்டும். அது தனிக் கடிதத்துக்கான விஷயம்.

இப்போதைக்கு வீட்டில், துப்பாக்கியின் தோட்டா அறை காலியா என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, தோட்டா இல்லாமல் விசையை இழுத்துப் பழகு. குறுக்குக்கோடு அசைகிறதா என்று பார். அப்புறம் ரேஞ்சில் கார்ப்பெட் போட்டு ஐந்து, போடாமல் ஐந்து சுட்டு, இரண்டு தாள்களையும் படமெடுத்து அனுப்பு. நீ படுத்திருக்கும் நிலையைப் பின்னாலிருந்து யாரையாவது ஒரு படம் எடுக்கச் சொல், இடுப்பு எங்கே இருக்கிறது என்று நான் பார்க்கவேண்டும்.

அன்புடன்,
ரவி