புதுச் செயலாளரைப் பார்க்கப் போகும் முன்

அன்புள்ள கண்ணா,

உன் மெயில் வந்தது. துறைக்குப் புதுச் செயலாளர் வந்துவிட்டார், பழையவரிடம் சேர்த்துவைத்த புரிதலெல்லாம் ஒரே மாற்றல் உத்தரவில் போய்விட்டது, இனி இவரை எப்படி நம் பக்கம் கொண்டுவருவது என்று கேட்டிருக்கிறாய். அடுத்த ஆண்டு உங்கள் பள்ளி உணவுத் திட்டத்துக்கு நிதி வருமா என்ற பயம் வரிக்கு வரி தெரிகிறது. இந்தக் கேள்விக்கு நான் கொஞ்சம் பொருத்தமான ஆள்தான். பெரிய அதிகாரிகளின் அறைக்கு வெளியே உட்கார்ந்து, யாரை உள்ளே விடுவது, யாரை நாளைக்கு வரச் சொல்வது என்று பார்த்துப் பார்த்தே என் உத்தியோக காலத்தின் பெரும்பகுதி ஓடியது.

அவருக்கு உன்னைப் பிடிக்க வேண்டுமே என்று நீ கவலைப்படுகிறாய். பிடித்தால் நல்லது, பிடிக்காவிட்டாலும் ஒன்றும் கெட்டுப்போகாது. நீ ஒரு தகவல் சொன்னால் அதை மறுபடி சரிபார்க்காமல் அமைச்சரிடம் சொல்லலாம் என்ற நிலைக்கு அவர் வர வேண்டும். உன் திட்டத்தைக் காப்பாற்றப்போவது அதுதான்.

அவர் நாற்காலியில் இருந்து பார். காலை முதல் இரவு வரை வருகிறவர்கள் எல்லோரும் ஏதோ ஒன்று கேட்கத்தான் வருகிறார்கள். எல்லோர் கையிலும் நல்ல செய்தி மட்டுமே இருக்கிறது. எல்லாத் திட்டமும் வெற்றி, எல்லா வரைபடமும் மேலே ஏறுகிறது. ஆனால் கையெழுத்து அவருடையது. சட்டமன்றத்தில் கேள்வி வந்தால், தணிக்கையில் ஆட்சேபம் வந்தால், பத்திரிகையில் செய்தி வந்தால், பதில் சொல்ல வேண்டியவர் அவர். அதனால் மூத்த அதிகாரிகளுக்கு உள்ளூர ஒரே பயம்தான்: தனக்குத் தெரியாத ஒன்றை இன்னொருவர் வாயால் முதலில் கேட்பது.

எங்கள் அலுவலகத்துக்கு ஒரு திட்ட அதிகாரி வருவார். அவருடைய அறிக்கையில் மிக மோசமாக நடக்கும் மாவட்டம்தான் முதல் வரியில் இருக்கும். அதற்குக் காரணம் என்ன, யார் அங்கே போயிருக்கிறார்கள், எப்போது சரியாகும், இவ்வளவுதான். நல்ல சேதி கடைசியில் சின்னதாக இருக்கும். நான் இருந்த காலத்தில் அந்த அறையில் எத்தனையோ பேர் மாறினார்கள், குணத்தில் ஒருவருக்கொருவர் சம்பந்தமே இல்லாதவர்கள். அத்தனை பேரும் அவரை மட்டும் நேரம் கேட்காமலே உள்ளே விடச் சொன்னார்கள். அவர் ஒன்றும் இனிக்க இனிக்கப் பேசுகிறவர் இல்லை. வணக்கம்கூட அரைகுறையாகத்தான் வரும்!

ஆகவே ஒரு பள்ளியில் சாப்பாடு கெட்டுப்போய் பிள்ளைகளுக்கு வாந்தி என்றால், முழு விவரமும் சேரட்டும் என்று காத்திருக்காதே. எந்தப் பள்ளி, எத்தனை பிள்ளைகள், இப்போது எந்த மருத்துவமனையில், விநியோகத்தை நிறுத்தியாயிற்றா, இந்த நாலு தகவலோடு உடனே செயலாளருக்குப் போன் போடு. தெரியாததைத் தெரியாது என்றே சொல். அன்றைக்கு அவர் உன்மேல் கத்தலாம், கத்தட்டும்.

சரி, முதல் சந்திப்பு. அதில் பணம் கேட்காதே. நிதி வேண்டும் என்பது அவருக்கும் தெரியும், உனக்கு முன்னால் வந்தவரும் பின்னால் வரப்போகிறவரும் அதைத்தான் கேட்பார்கள். ஒரே ஒரு பக்கக் குறிப்பு கொண்டு போ: திட்டம் என்ன செய்கிறது, இப்போது எங்கே நிற்கிறது, எது சரியில்லை, அடுத்த ஆறு மாதத்தில் அவர் மேசைக்கு வரப்போகும் முடிவுகள் எவை. கடைசி விஷயம்தான் முக்கியம். புதிதாக வந்தவருக்கு என்னென்ன வரப்போகிறது என்று யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. அப்புறம், பேசுவதைவிட அதிகம் கேள். அமைச்சர் அவரிடம் என்ன எதிர்பார்க்கிறார், எந்த விஷயத்தில் நெருக்கடி என்று தெரிந்துகொண்டு வா. பத்து நிமிடம் கொடுத்தால் எட்டு நிமிடத்தில் எழுந்துவிடு. அடுத்த முறை இருபது நிமிடம் கிடைக்கும்.

வரவுசெலவுத் திட்டத்தின் நாட்காட்டியைச் சுவரில் ஒட்டிவைத்துக்கொள். துறைகள் மதிப்பீடு தயாரிக்கும் மாதங்களில் உன் கணக்கு அவர்கள் கையில் இருக்க வேண்டும். எல்லாம் முடிந்து அறிவிப்பு வரும் சமயத்தில் போய் நின்றால், அறுவடை அன்று விதைநெல் கேட்டுப் போன கதைதான். நிதித்துறையில் உன் துறைக் கோப்புகளைப் பார்ப்பவர் யார் என்று தெரியுமா உனக்கு? உன் மெயிலில் அந்த ஆளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

கீழே இருப்பவர்களைப் பற்றியும் இல்லை. கோப்பு மேலிருந்து கீழே பிறப்பதில்லை. பிரிவில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் குறிப்பு எழுதுகிறார், அது ஒவ்வொரு மேசையாக ஏறுகிறது, செயலாளரிடம் வரும்போது அதன் தலையெழுத்து பெரும்பாலும் முடிவாகியிருக்கும். அந்த முதல் குறிப்பை எழுதுகிறவருக்கு உன் திட்டம் புரியாவிட்டால், மேலே இருப்பவர் எவ்வளவு நல்லவராக இருந்தும் பலனில்லை. அவர் கேட்கும் விவரத்தை அன்றே கொடு. அவருடைய பெயரைத் தெரிந்துகொள். செயலாளரைப் பார்த்துவிட்டு வந்த தோரணையில் அவர் முன்னால் நிற்காதே. எங்களுக்கெல்லாம் அது ஒரு நொடியில் தெரிந்துவிடும், மறக்கவும் மாட்டோம்.

தாய்லாந்தில் சங்குவான் நித்தயாரம்போங் என்றொரு மருத்துவர் இருந்தார். வடகிழக்கின் ஏழைக் கிராமப்புறத்தில் வேலை பார்த்துவிட்டு, பிறகு சுகாதார அமைச்சகத்துக்கு வந்தவர். எல்லோருக்கும் மருத்துவம் கிடைக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். அதைத் தலைவர்கள் காதில் போடுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, அயுத்தாயாவில் சிறிய அளவில் நடத்திப் பார்த்தார். சக மருத்துவர்களையும் ஆய்வாளர்களையும் சேர்த்துக்கொண்டு செலவுக் கணக்கைப் போட்டார். தேர்தலுக்குத் தயாராகிக்கொண்டிருந்த தக்சின் சினவத்ராவின் கட்சியிடம் போனபோது, அவர் கையில் இருந்தது வெறும் ஆசை இல்லை. பணம் எங்கிருந்து வரும் என்பதற்கான விடையும் இருந்தது. 2001 தேர்தலில் அந்தக் கட்சி வென்றது. அதே ஆண்டு ஏப்ரலில் 6 மாகாணங்களில் திட்டம் தொடங்கியது. ஒரு முறை மருத்துவமனைக்குப் போனால் 30 பாட் கட்டணம், அவ்வளவுதான். அரசியல்வாதிகளுக்கு அந்த 30 பாட் வாசகம் பிடித்துப்போனது. போகட்டுமே, வாசகம் அவர்களுடையதாகவே இருக்கட்டும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது வேறு. அவர் ஒரு தலைவரை மட்டும் நம்பி உட்காரவில்லை. மக்கள் அமைப்புகள் 50,000 கையெழுத்துத் திரட்டிச் சட்ட வரைவை முன்வைத்தன. 2002-இல் அது நாடாளுமன்றத்தில் சட்டமானது. 2006-இல் ராணுவம் பிரதமராக இருந்த தக்சினைக் கவிழ்த்தது. அவருடையது என்று சொல்லப்பட்ட பலவற்றின் மேலும் கோபம் இருந்த நேரம். திட்டம் போகவில்லை. புதிய அரசு 30 பாட் கட்டணத்தையும் எடுத்துவிட்டது, சிகிச்சை தொடர்ந்தது. சங்குவான் 2008-இல் காலமானார்.

மெக்சிகோவிலும் இதே பாடம், ஆனால் முடிவு அவ்வளவு இனிப்பாக இல்லை. நிதி அமைச்சகத்தில் இருந்த சாந்தியாகோ லெவி 1997-இல் புரோகிரேசா திட்டத்தைத் தொடங்கவைத்தார். பிள்ளைகளைப் பள்ளிக்கும் மருத்துவப் பரிசோதனைக்கும் அனுப்பும் ஏழைக் குடும்பங்களுக்குப் பண உதவி. தொடக்கத்திலேயே வெளியாட்களின் மதிப்பீட்டுக்கு வழி செய்திருந்தார்கள். 2000-இல் ஆட்சி வேறு கட்சிக்குப் போனபோது அந்த முடிவுகள்தான் பேசின. பெயர் மாறியது, திட்டம் விரிந்தது. பிறகு இன்னொரு ஆட்சியில் இன்னொரு பெயர். கடைசியில் 2019-இல் நிறுத்தியேவிட்டார்கள். ஆதாரம் இருந்தால் எக்காலத்துக்கும் காப்பு என்று யாராவது உனக்குப் பயிற்சி வகுப்பில் சொல்லியிருந்தால், இதையும் நினைவில் வை.

புகழ் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். யுனிசெஃபை 1980 முதல் 1995 வரை நடத்திய ஜிம் கிராண்ட், சட்டைப்பையில், வயிற்றுப்போக்கு வந்த பிள்ளைகளுக்குக் கொடுக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தோடு நாட்டுத் தலைவர்களைப் பார்க்கப் போவாராம். பொட்டலத்தை எடுத்து மேசையில் வைப்பார், உங்கள் நாட்டில் எத்தனை பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போட்டிருக்கிறது என்று கேட்பார். தெரியாமல் விழித்த தலைவர் அடுத்த முறை தெரிந்துவைத்திருப்பார். மேடையும் மாலையும் தலைவர்களுக்குத்தான். 1985-இல் எல் சால்வடாரில் உள்நாட்டுப் போருக்கு நடுவே, பிள்ளைகளுக்கு ஊசி போடுவதற்காக இரு தரப்பும் 3 நாட்கள் துப்பாக்கியைத் தாழ்த்தின. அதிபர் துவார்த்தேயிடம் அந்தக் கோரிக்கையோடு போய் நின்றவர் இவர்தான்.

முடிந்தால் செயலாளரைப் பள்ளிக்கு அழைத்துப் போ. தோரணமும் வரவேற்பும் இல்லாமல். 1964-இல் பிரதமர் சாஸ்திரி குஜராத்தில் இருக்கும் ஆனந்துக்குப் போனபோது, இரவு ஒரு கிராமத்து விவசாயி வீட்டில் தங்கி, பால் கூட்டுறவு எப்படி நடக்கிறது என்று ஊர்க்காரர்களிடமே கேட்டுத் தெரிந்துகொண்டார். அடுத்த ஆண்டே தேசிய பால்வள வாரியம் உருவாயிற்று. அந்தக் கூட்டுறவை நடத்திய குரியன் எவ்வளவு நன்றாகப் பேசுகிறவராக இருந்தாலும், டில்லியில் ஒரு அறையில் உட்கார்ந்து பேசியிருந்தால் இது இவ்வளவு சீக்கிரம் நடந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இனி கசப்பான விஷயம். ஒருநாள் ஏதாவது ஒரு பெரிய இடத்திலிருந்து சிபாரிசு வரும். ஒரு சமையல் ஒப்பந்தம், ஒரு உறவினர் பையனுக்கு வேலை. சிரித்துக்கொண்டே, விதிமுறைப்படி விண்ணப்பிக்கச் சொல்லுங்கள், என் குழு பரிசீலிக்கும் என்று சொல்லிவிடு. விளக்கம் நீளக் கூடாது, முகம் கடுக்கவும் கூடாது. பெரும்பாலோர் அதற்குமேல் வற்புறுத்துவதில்லை, அவர்களும் கேட்டுப் பார்த்தேன் என்று யாரிடமோ சொல்வதற்காகத்தான் கேட்கிறார்கள். ஒருமுறை செய்துகொடுத்துவிட்டால், அதன்பின் நீ கொண்டுபோகும் புள்ளிவிவரத்தையும் அவர்கள் வேறு கண்ணால் பார்ப்பார்கள். பரிசுப் பொருள் கொடுக்காதே, வாங்காதே. ஒவ்வொரு சந்திப்புக்கும் பிறகு, பேசியபடி என்று நாலு வரி எழுதி அலுவலகத்துக்கு அனுப்பிவிடு. அமைச்சர் நேரடியாகக் கூப்பிட்டால் போ, ஆனால் போவதைச் செயலாளருக்கு முதலில் சொல்லிவிட்டுப் போ.

பழைய செயலாளரைப் போய்ப் பார்த்தாயா? பார்த்திருக்க மாட்டாய் என்று நினைக்கிறேன். மாற்றலாகிப் போனவருடைய அறை முதல் மாதம் காலியாக இருக்கும், தேநீர் ஆறாமல் பேசலாம். எதுவும் கேட்காமல் நன்றி மட்டும் சொல்லிவிட்டு வா. புதியவர் எப்படி வேலை பார்ப்பவர் என்று அவரே சொல்லுவார். இரண்டு வருடம் கழித்து அவர் நிதித்துறையில் உட்கார்ந்திருந்தாலும் ஆச்சரியப்படாதே, ஆனால் அதை மனதில் வைத்துக்கொண்டு போகாதே, முகத்தில் தெரியும்.

சந்திப்பு வியாழக்கிழமை என்றாயே, அந்த ஒரு பக்கக் குறிப்பை செவ்வாய்க்குள் எனக்கு அனுப்பு. திருத்த மாட்டேன். எந்த வரியில் எனக்குத் தூக்கம் வந்தது என்று மட்டும் குறித்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
அம்மா