லீவர் இறுகிப்போன கதை

புன்னைக்காயல்
ஜூலை 12

அன்பு மக்கா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் இங்கே எல்லோருக்கும் நிம்மதி. சொட்டு மருந்தை மட்டும் நேரம் தவறாமல் விடு, அதில் நீ எவ்வளவு சோம்பேறி என்று எனக்குத் தெரியும். பதில் தாமதமானதற்கு நம் வள்ளத்து இன்ஜின்தான் காரணம். பத்து நாளாகக் கை முழுக்க கிரீஸ்.

அதே பழைய 9.9 குதிரைசக்தி டூ ஸ்ட்ரோக்தான். கச்சான் காற்று ஓங்கி அடித்த ஒரு மத்தியானம், முகத்துவாரம் தாண்டி உள்ளே வந்து கரை பிடிக்கும் நேரம், ரிவர்ஸ் போட்டால் கியர் லீவர் அசையவில்லை. இரண்டு கையாலும் இழுத்தேன். அதற்குள் நம் வள்ளத்தின் அணியம், அதாவது முன்முனை, பக்கத்து வள்ளத்தில் போய் இடித்துவிட்டது. ஃபைபரில் ஒரு கீறல், அந்த வள்ளத்துக்காரரிடம் நாலு வசவு, அத்தோடு போயிற்று.

மறுநாள் மகன் தொட்டுப் பார்த்துவிட்டு, "என்னப்பா, இதையா இத்தனை நாளும் போட்டுக்கிட்டிருந்தீங்க?" என்று கேட்டான். அப்போதுதான் உறைத்தது. அது அன்றைக்கு இறுகியதில்லை. ஒரு வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுகியிருக்கிறது. என் கையும் கூடவே பழகிக்கொண்டு வந்திருக்கிறது.

மெக்கானிக் ஒருவரைக் கூப்பிட்டேன். லீவரை ஒரு தடவை ஆட்டிப் பார்த்தவர், கியர் பாக்ஸைப் பிரிக்க வேண்டும், உள்ளே கிளட்ச் போயிருக்கும், பத்தாயிரம் எடுத்து வை என்றார். பிரிக்காமலே இவருக்கு எப்படித் தெரிந்தது? சரி, யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டு நானே உட்கார்ந்தேன்.

முதலில் பிளக் வயரைக் கழற்றி வைத்தேன். இன்ஜின் ஓடாதபோது லீவர் விழவில்லை என்றால் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, மக்கா. கீழே புரொப்பல்லர் தண்டில் ஒரு பல் வளையம் முன்னும் பின்னும் நகர்ந்துதான் ஃபார்வர்டு பல்சக்கரத்தையோ ரிவர்ஸ் பல்சக்கரத்தையோ கவ்வுகிறது. பல்லுக்கு நேர் பல் வந்து நின்றால் எவ்வளவு தள்ளினாலும் போகாது. அதனால் ஒரு கையால் புரொப்பல்லரை மெதுவாகச் சுற்றிக்கொண்டே மறு கையால் லீவரைத் தள்ளினேன். அப்போதும் கல்லாகத்தான் இருந்தது.

அடுத்து கியர் ஆயில். அடி ஸ்க்ரூவைக் கழற்றிப் பார்த்தேன். தண்ணீர் புகுந்திருந்தால் பால் கலந்த காப்பி மாதிரி வந்திருக்கும். வந்தது நல்ல பழுப்பு நிறம். ஸ்க்ரூவின் காந்தத்தில் இரும்புத் துணுக்கு எதுவும் ஒட்டவில்லை, மை மாதிரி கொஞ்சம் குழைவுதான். அப்படியானால் கீழே பல் உடையவில்லை.

பிறகுதான் உருப்படியான ஒரு காரியம் செய்தேன். லீவரிலிருந்து வரும் இணைப்பும் கியர் பாக்ஸுக்கு இறங்கும் கம்பியும் சேருகிற இடத்தில் ஒரு நட் இருக்கிறதல்லவா, அதைக் கழற்றி மேலே வேறு, கீழே வேறு என்று பிரித்தேன். கழற்றும் முன் மகளின் நகப்பூச்சை வாங்கி மரையில் ஒரு கோடு போட்டுக்கொண்டேன் (பாட்டில் இன்னும் என் டூல்ஸ் பெட்டியில்தான் இருக்கிறது, தேடிக்கொண்டிருக்கிறாள்). கீழ்க் கம்பி இரண்டு விரலுக்கே நகர்ந்தது. இறுகியிருந்தது லீவர் மட்டும்! பத்தாயிரம் என்றாரே, அந்தக் கியர் பாக்ஸுக்கு ஒன்றுமே இல்லை.

லீவரின் ஸ்டீல் தண்டு அலுமினிய உடம்புக்குள் நுழையும் இடத்தில் உப்பு போய் உட்கார்ந்து, அலுமினியம் வெள்ளைப் பொடியாகப் பூத்து, பழைய கிரீஸ் அரக்கு மாதிரி கெட்டிப்பட்டிருந்தது. முன்பு யாரோ லாரிக்குப் போடும் கிரீஸை வைத்திருக்கிறார்கள். யாரோ என்ன, நான்தான். துருவை இளக்கும் எண்ணெயை ஊற்றி ராத்திரி முழுக்க விட்டேன். காலையில் சுத்தியல் எடுக்காமல், முன்னும் பின்னும் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்தே தண்டை வெளியே எடுத்துவிட்டேன். மண்ணெண்ணெய், பழைய பல் துலக்கும் பிரஷ், தண்டுக்கு மட்டும் மெல்லிய எமரி. உப்புத் தண்ணீரில் கரையாத மரைன் கிரீஸ் போட்டு, கோட்டுக்குக் கோடு பார்த்துப் பூட்டினேன். அங்கே அளவு தப்பினால் பல் பாதிதான் கவ்வும், சீக்கிரமே முனை மழுங்கிவிடும்.

ஆயிலைத் திறந்ததோடு புது ஆயிலும் ஊற்றிவிட்டேன். கீழ் ஓட்டையில் ஏற்றி, மேல் ஓட்டையில் குமிழி நின்று ஆயில் வழியும்வரை. 100 மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டியதை நான் எத்தனை மணி நேரம் கழித்து மாற்றினேன் என்று கேட்காதே.

இன்னொன்று. ஐடிலில், அதாவது கியர் போடாமல் சும்மா ஓடும்போது, இன்ஜின் அணைகிறதே என்று போன வருஷம் அந்த வேகத்தைக் கூட்டி வைத்திருந்தேன். அதுவும் கியர் கடினமாக விழ ஒரு காரணம். இப்போது குறைத்துவிட்டேன். மகனுக்கும் சொல்லியிருக்கிறேன், வேகத்தை அடியோடு குறை, பிறகு தயங்காமல் ஒரே தள்ளு. பாவம் பார்த்து மெதுவாகத் தள்ளினால்தான் பல் கரகரவென்று தேயும்.

அப்புறம், பனிமய மாதா திருவிழாவுக்கு ஆகஸ்ட் 5-க்குள் வந்துவிடு. தூத்துக்குடியில் கூட்டம் தாங்காது, நேரே இங்கேயே வா. வரும்போது சென்னையில் அந்த லீவர் தண்டைச் சுற்றி உட்காரும் பிளாஸ்டிக் வளையம், புஷ் என்பார்கள், இரண்டு வாங்கி வா. பழையதையே கழுவிப் போட்டிருக்கிறேன், ஒரு ஓரம் விண்டிருக்கிறது. படம் மகன் உன் போனுக்கு அனுப்புவான்.

உன் மக்கா